ஞாயிற்றுக்கிழமை முகாம்

"ஞாயித்துக்கெழம மட்டும் இருமிராதீங்க மாமா."

நாமக்கல் பஸ்ஸில் என் முன் சீட்டில் இருந்த பெண் புருஷனிடம் சொன்னாள்.

"மில்லுக்காரங்க ஊருக்கே இலவசமா நெஞ்சு பாக்கறாங்க. அங்க வேலை செய்யற நானே போவலீன்னா சந்தேகப்படுவாங்க புள்ள."

"டாக்டர் பக்கத்துல மில்லு லேபர் ஆபீசர் எதுக்குங்க? ஊசி போடறதுக்கா?"

"மெதுவாப் பேசு."

"போன முகாமுல பழனியப்பண்ணன் இருமுனாரு. மருந்து குடுத்து, பேப்பருக்கு போட்டோவும் புடிச்சு, அடுத்த நாளே வேலைய உட்டு நிறுத்திட்டாங்க. நீங்களும் அதே பஞ்சுத் தூசியில தானுங்க நிக்கறீங்க."

புதுச்சத்திரம் தாண்டியதும் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. துண்டை வாயில் வைத்து அமுக்கியும் நிற்கவில்லை. பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தண்ணி குடிச்சாருங்க, பொரையேறிருச்சு," என்றாள் அவள்.

இருவர் கையிலும் தண்ணீர் இல்லை.