பத்து நிமிடம் ஆறவிடுங்கள்

டீசல் வாடை எனக்கு ஆகாது, மேடம். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பேன். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே அந்த வாடையால்தான் என்பதால் இதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பெயர் நெடுமாறன். சொந்த ஊர் மன்னார்குடி. வயது நாற்பத்தாறு. எலக்ட்ரிகல் டிப்ளமா படித்துவிட்டு, பதினோரு வருடம் செல்போன் டவர்களில் பேட்டரி பராமரிப்பு பார்த்தேன். அதன்பிறகுதான் முத்துப்பேட்டை வேலை. லகூனில் அலையாத்திக் காட்டைச் சுற்றிக்காட்டும் மரப்படகுகளில் டீசல் இன்ஜினைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் மாட்ட வேண்டும். முதலில் மூன்று படகு. அவை நன்றாக ஓடினால் இன்னும் பதினொன்று.

அந்தப் படகுகளின் அடித்தட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பலகைக்குக் கீழே டீசலும் உப்புத்தண்ணீரும் செத்த இறாலும் சேர்ந்து கறுப்பாகக் கூழ்போல் கிடக்கும். மூன்று நாள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு நானே சுரண்டினேன். கூலிக்கு ஆள் வைத்திருந்தால் அரைகுறையாக விட்டிருப்பார்கள்.

மரப்படகும் பேட்டரியும் சேராத ஜோடி. மரம் தண்ணீர் குடித்துக் கனக்கும். ஈய பேட்டரி அதைவிடக் கனம். அதிக நேரம் ஓட வேண்டுமென்றால் பேட்டரியைக் கூட்ட வேண்டும். கூட்டினால் கனம் ஏறி, ஓடும் நேரம் குறையும். புது பேட்டரி நான்கு வைத்தால் காற்றில்லாத நாளில் இரண்டு மணி நேரம் ஓடும். துவக்க விழாவில் நான் ஐந்து மணி நேரம் என்று சொன்னேன். கை தட்டினார்கள். பத்திரிகையில் படம் வந்தது. சபையில் சொன்னதைத் திரும்ப விழுங்குவது எனக்கு அருவருப்பு.

மூன்றில் ஒன்றை ஓட்டுபவர் ரெத்தினம். அவர் படகுக்கு நேரத்தில் புது பேட்டரி வந்து சேரவில்லை. டவர்களில் கழித்துப் போட்டவற்றில் நான்கைத் துடைத்து, புது ஸ்டிக்கர் ஒட்டி வைத்தேன். அந்த மாதிரி பேட்டரியின் குணம் எனக்கு அத்துப்படி. சும்மா இருக்கும்போது மீட்டரில் முழுசாகக் காட்டும். மோட்டார் இழுத்தால் முக்கால் மணி நேரத்தில் படுத்துவிடும். பத்து நிமிடம் ஆறவிட்டால் மீட்டர் மறுபடி ஏறும், உயிர் வந்ததுபோல் இருக்கும். இரண்டு நிமிடம் ஓடிவிட்டு மறுபடி படுக்கும்.

ரெத்தினத்துக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வாய் நிறைய எப்போதும் வெற்றிலை. பேட்டரி முனையில் பூக்கும் வெள்ளைப் பொடியைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிவிட்டு, அதே நகத்தால் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார். அதைப் பார்த்த நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. இரண்டு துடுப்பும் ஒரு கழியும் இல்லாமல் துறையை விட்டுக் கிளம்ப மாட்டார். மோட்டார் படகில் துடுப்பு எதற்கு என்று வருகிறவர்கள் கேட்பார்கள். "மோட்டாரு சாரோடது, துடுப்பு என்னோடது" என்று சொல்லிச் சிரிப்பார்.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்டிக்கரில் ஒன்று ஈரத்தில் உரிந்து வந்துவிட்டது. அவர் என்னிடம் சத்தம் போடவில்லை.

"டவர்ல கெடந்ததுங்களா சார் இது?" என்று கேட்டார்.

உரிந்த ஸ்டிக்கரை நான் மறுபடி அழுத்தி ஒட்டினேன்.

"வெள்ளிக்கிழமை படகப் பாக்க ஆபீசருங்க வாராங்கல்ல, அன்னிக்கு நான் சொல்லிர்றேன் சார். உங்களுக்குச் சங்கடந்தான். ஆனா பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க ஏறுது. நடுத்தண்ணியில நின்னுட்டா யாரு பதில் சொல்றது?"

நியாயமான பேச்சு. அன்றைக்கும் எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். புது பேட்டரி வந்துவிட்டது, மாற்றிவிட்டேன், வெள்ளிக்கிழமை நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "பெரிய மனசு சார் உங்களுக்கு" என்றார். உள்ளங்கையில் வெற்றிலைச் சாறு, மீன் செதில், வேர்வை. அவர் போனபிறகு சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினேன். நான் மாற்றியது ஸ்டிக்கரை மட்டும்தான். பெயின்ட் அடித்து நம்பர் போட வேண்டும் என்று சொல்லி, துடுப்பையும் கழியையும் என் ஷெட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை மதியம் அவரைக் கூப்பிட்டு, முகத்துவாரத்துக்கு வெளியே மிதவையில் கொடி கிழிந்திருக்கிறது, ஆபீசர்கள் வருவதற்குள் புதுக்கொடி கட்டிவிட்டு வாருங்கள் என்றேன். நேரம் பார்த்துத்தான் சொன்னேன். இரண்டரைக்கு மேல் வத்தம், தண்ணீர் வடியும் நேரம். லகூன் தண்ணீர் முழுக்க முகத்துவாரம் வழியாகக் கடலுக்கு ஓடும். வாடைக்காற்றும் அந்தப் பக்கமே தள்ளும். போவதற்கு மோட்டார் பேருக்கு ஓடினால் போதும். திரும்பி வரத்தான் பேட்டரி வேண்டும்.

"துடுப்பு இல்லாம நான் போனதில்லீங்களே சார்" என்றார்.

"புது பேட்டரி, ரெத்தினம். இன்னுமா என்னை நம்பல?"

அவர் வெட்கப்பட்டார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

கயிற்றை அவிழ்க்கும்போது அவர் சம்சாரம் தர்மாம்பாள் வந்து ஏறினார். சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கிற பெண்பிள்ளை, விரலெல்லாம் வெடித்திருக்கும். "இவரு தனியாப் போறாரு, பேச்சுத்துணைக்கு நானும் போயிட்டு வாரேன் சார்" என்றார். என்னைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா? மொகம் வாடிக் கெடக்கே" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். ஐம்பது கிலோ கூடுதல். ஓட்டத்தில் மூன்று நிமிடம் குறையும், நான்கு என்றே வைத்துக்கொள்ளலாம். மனதுக்குள் கணக்குப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் வரவில்லை. கையசைத்து அனுப்பிவைத்தேன்.

நாலு பத்துக்கு முதல் போன் வந்தது.

"சார், கொடி கட்டியாச்சு. திரும்புனோம். மோட்டாரு நின்னு போச்சு. நங்கூரத்தப் போட்ரட்டுங்களா?"

"போடாதீங்க, கயிறு மோட்டார்ல சுத்திக்கும். பேட்டரி சூடாயிருக்கு. பத்து நிமிஷம் ஆறவிடுங்க."

ஷெட்டில் உட்கார்ந்து டீ குடித்தேன். நாலு இருபத்தைந்துக்கு மறுபடி கூப்பிட்டார். மோட்டார் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றுவிட்டதாம். பின்னால் காற்றும் அலையும் கேட்டன. இன்னொரு பத்து நிமிடம் ஆறவிடச் சொன்னேன். ஆறவிடும் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் தண்ணீர் அவர்களை எவ்வளவு தூரம் வெளியே கொண்டுபோகும் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவது முறை, "மல்லிப்பட்டினத்து போட்டு ஒண்ணு தூரத்துல தெரியுது சார். துண்ட வீசிக் கூப்புடட்டுமா?" என்று கேட்டார். நான் சற்று யோசித்தேன். "வேண்டாம், இங்கேருந்து படகு அனுப்பிட்டேன், வந்துகிட்டே இருக்கு. பதறாம அப்படியே இருங்க" என்றேன். "சரிங்க சார். இவதான் பயப்படுறா" என்றார். போனை அந்த அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி, பயப்படாதீங்க என்று நானே சொன்னேன். "நீங்க சொன்னா சரிதான் சார்" என்றார்.

நான் எந்தப் படகும் அனுப்பவில்லை. அதன்பிறகு போன் வரவில்லை.

இருட்டுவதற்குள் அலை படகைக் கவிழ்த்துவிட்டது. விடிந்தபிறகு, கவிழ்ந்த படகைக் கட்டிப் பிடித்துக் கிடந்த ரெத்தினத்தை மீனவர்கள் தூக்கிவந்தார்கள். அவர் பிழைப்பார் என்று நான் நினைக்கவில்லை. தர்மாம்பாள் கை நழுவிப் போய்விட்டார். மூன்றாம் நாள் அலையாத்தி வேர்களுக்கிடையில் கிடைத்தார். தேடுகிற ஆட்களோடு நானும் போயிருந்தேன். உப்பியிருந்தார். முகத்தில் நண்டுகள். நான் சேற்றில் மண்டியிட்டு வாந்தியெடுத்தேன். பார்த்தவர்கள் என் முதுகைத் தடவிக்கொடுத்து, சாருக்கு இளகின மனசு என்றார்கள். அடுத்த வாரமே துறையில் அதே நண்டைக் கூறு கட்டி விற்றார்கள், வாங்கியும் போனார்கள். இந்த ஊரின் வாய்க்கு எதுவும் அருவருப்பில்லை.

விசாரணையில் ரெத்தினம் என்ன சொன்னார் என்று உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. பேட்டரி புதுசு, சார் மாற்றிக் கொடுத்தார், துடுப்பில்லாமல் கிளம்பியது தன் குற்றம் என்று சொல்லியிருக்கிறார். கடலில் கிடந்த பேட்டரிப் பெட்டியை யாரும் திறந்து பார்க்கவில்லை. மிச்சம் பதினொரு படகுக்கும் உத்தரவு வந்துவிட்டது. எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் அவர் தினமும் ஷெட்டுக்கு வருகிறார், மேடம். காலையில் வந்து தரையில் உட்கார்ந்துகொள்கிறார். "கடைசி வரைக்கும் எங்ககூடப் பேசிக்கிட்டே இருந்தது நீங்க ஒருத்தர்தான் சார். நீங்க அனுப்புன படகு கண்ணுல நாங்க படாமப் போனது எங்க விதி. அவ உங்க பேச்சக் கேட்டுத்தான் தைரியமா இருந்தா" என்பார். மூக்கைச் சிந்தி வேட்டியில் துடைத்துவிட்டு, என் முழங்காலைத் தொடுவார். நாற்பது நாளாக இது நடக்கிறது. நேற்று சம்சாரத்தின் போட்டோவைக் கொண்டுவந்து, உங்க ஷெட்டுல மாட்டுங்க சார், உங்களத்தான் அவளுக்கு ரொம்பப் புடிக்கும் என்றார். ஆணியும் அவரே அடித்துவிட்டார். இதைத் தாங்க முடியாமல்தான், நீங்கள் கூப்பிடாமலே நானாக இங்கே வந்தேன். மனசாட்சி உறுத்தியது என்று எழுத வேண்டாம். குமட்டியது என்று எழுதுங்கள்.

ரெத்தினத்தைக் கொல்லத்தான் அனுப்பினேன். அந்த அம்மா ஏறுவதைப் பார்த்த பிறகும் அனுப்பினேன். இதை மறைக்க நான் எப்போதும் முயன்றதில்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரேயொரு வேண்டுகோள். போலீஸ் ஏதோ தப்பாக நினைத்து என்னைப் பிடித்துவைத்திருக்கிறது என்று நம்பி, எனக்காகச் சாட்சி சொல்ல அவர் வெளியே வேப்பமரத்தடியில் காத்திருப்பதாகக் கான்ஸ்டபிள் சொன்னார். என்னை வேனில் ஏற்றிய பிறகு அவரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள், மேடம். எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. ஒருவர் மனம் நோவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஒருநாளும் முடிந்ததில்லை.