ஜும்ஆ நேரத்தில் சாயக் கிடாரத்தில் போட்ட தாள்கள்

பெயர் ஆதம்பாவா றுகையா. வயது 46. மருதமுனை கடற்கரைப் பக்கம் என் சொந்த வீட்டில் வசிக்கிறேன். கணவர் சுனாமியில் மௌத்தானவர். ஒரு மகள், வயது 22. தொழில் நெசவு. இதை எழுதிக்கொள்ளும் பெண் பொலிஸ் சார்ஜன்ட் கஜேந்தினி, முறைப்பாட்டில் உள்ளபடி முதலில் "பயிற்சி பெறுபவர்" என்று எழுதினார். பதினொரு வயதில் தறியில் இருந்தவள் நான் என்று சொல்லி அதை வெட்டுவித்தேன்.

முறைப்பாட்டாளர் மர்சூக் எங்கள் ஊரவர். கரையோர மகளிர் சமூகப் பயிற்சி, ஆய்வு நிலையத்தின் இணைப்பாளர். கடந்த வருடம் அவர் வீடு வீடாக வந்து, எங்களை வலுவூட்டப் போவதாகவும் அதற்கு வெளியிலிருந்து ஆட்கள் வருவதாகவும் சொன்னார். மழைக்கு என் தறிக்கொட்டில் சரிந்து கிடந்த நேரம் அது. நிலையத்தில் பன்னிரண்டு தறியும் நல்ல கூரையும் இருந்தபடியால் போனேன். மற்றப் பதினொரு பெண்களும் நெய்யத் தெரிந்தவர்களே.

அதன் பின்னர் எங்களுக்கு நெசவு பழக்க ஒரு ஐயா வந்தார். அறுந்த நூலை முடிச்சுப் போடுவது எப்படி என்று இரண்டு நாள் படம் போட்டுக் காட்டினார். மூன்றாம் நாள் தறியில் பாவு நூல் அறுந்தபோது என்னைக் கூப்பிட்டார். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்த மனிதர், பாவம். தலைமைத்துவம் என்று வேறொரு நாள் பலூன் ஊதி உடைக்க விட்டார்கள். பேரப்பிள்ளை கண்ட சபியா உம்மாவும் ஊதினார். அதைப் படம் எடுத்து வாசலில் ஒட்டினார்கள்.

அதன் பின்னர் கொழும்பிலிருந்து ஹிமாயா என்ற ஆய்வாளர் வந்தார். மரியாதையான பிள்ளை, ஆனால் தான் எழுதிக்கொண்டு வந்ததைத் தவிர வேறொன்றும் காதில் ஏறாது. யாருடைய வீட்டில் இருக்கிறீர்கள் என்று கேட்டார். என் வீட்டில் என்று பன்னிரண்டு பேரும் எழுதினோம். எங்கள் பக்கம் கலியாணத்துக்கு வீட்டைப் பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள், மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேர்வார். கேள்வி எங்களுக்கு விளங்கவில்லை என்று அவர் முடிவு செய்து, திரும்பவும் எழுத வைத்தார். இதற்குப் பெயர் ஆய்வு.

அந்தப் படிவத்தில் நாற்பது கேள்விகள். கணவர் அடிப்பாரா, அவருக்குத் தெரியாமல் என்ன செய்கிறீர்கள் என்றெல்லாம் இருந்தது. முப்பத்தோராவது கேள்வி பிள்ளை தங்காமல் மருந்து எடுப்பது பற்றியது. பெயர் எழுதத் தேவையில்லை, ஒரு இலக்கம் போதும், உலகத்தில் யாருக்கும் தெரியவராது என்று ஹிமாயா சொன்னார். அந்த வாக்கை நம்பிப் பெண்கள் உள்ளதை உள்ளபடி எழுதினார்கள். அவர்கள் போட்ட இலக்கம் தறியின் இலக்கம். மர்சூக் தன் கையாலேயே சிவப்பு மையால் ஒவ்வொரு தறிக்கும் மேலே எழுதிவைத்த இலக்கம் அது.

சென்ற வியாழக்கிழமை மர்சூக் சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டினார். "தறி 1: தீர்மானம் எடுக்கும் அதிகாரம் முழுமையாக உண்டு" என்று அதில் இருந்தது. அது என் தறி. மாப்பிள்ளை மௌத்தாகி இருபது வருடம் கடந்த வீட்டில் வேறு யார் தீர்மானம் எடுப்பது என்று கேட்டுச் சிரித்தேன். மற்றத் தாள்களை இனித்தான் வாசித்து எழுதவேண்டும், சனிக்கிழமை விழாவில் பன்னிரண்டு தறியின் பதில்களும் இப்படியே வரும் என்றார். பெண்களின் நிலையை விளங்கிக்கொள்ளக் கணவர்மாரையும் அழைத்திருப்பதாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

இனிச் சொல்வதை மர்சூக்கை அறைக்கு வெளியே அனுப்பிய பின்னரே சொல்கிறேன். நீதவான் வாசிக்கட்டும், ஊர் வாசிக்கக் கூடாது. எங்கள் பன்னிரண்டு பேரில் ஒரு பெண்ணுக்கு, இன்னொரு பிள்ளை தங்கினால் உயிர் தப்பாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். கணவர் அதைக் கேட்கிற ஆள் இல்லை. மூன்று மாதத்துக்கொரு தரம் நூல் எடுக்கப் போவதாகச் சொல்லிக் கல்முனைக்குப் போய் ஊசி போட்டு வருகிறாள். தெரிந்தால் தலாக் என்று அவர் முன்னமே சொல்லிவைத்தவர். இதை அவள் படிவத்தில் எழுதியிருந்தாள். சுவரைப் பார்த்த பின்னர், நிறைந்துவிட்ட தார்க்குழலிலேயே மேலும் மேலும் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். அப்போதுதான் எனக்குச் சொன்னாள். அவளுக்கு எத்தனை பிள்ளைகள், கணவர் என்ன தொழில் என்று சார்ஜன்ட் கேட்டார். நான் சொல்லவில்லை.

அதன் பின்னர் மர்சூக்கிடம் போய், தாள்களைத் திருப்பித் தரும்படி கேட்டேன். "ராத்தா, பேரு ஒண்டும் இல்லியே, நம்பர் மட்டும்தானே இரிக்கி" என்றார். படித்த மடையனுக்கு மருந்து இல்லை. ஹிமாயாவிடம் கேட்டேன். இலக்க முறையைப் பல்கலைக்கழகத்தில் பெரியவர்கள் பார்த்து அனுமதித்ததாகச் சொன்னார். "மகள், ஒண்டாம் தறி ஆருட எண்டு இந்த வாசல்ல மேயிற கோழிக்கும் தெரியும்" என்றேன். அவர் முகம் மாறியது. ஆனாலும் விழா ஏற்பாடு தன் கையில் இல்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

வெள்ளிக்கிழமைகளில் நூலுக்குச் சாயம் காய்ச்சுவது என் வேலை. நிலையத்துச் சாவியும் என்னிடம்தான். மறுநாள் ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போன பின்னர் அடுப்பை மூட்டி, கறுப்புச் சாயக் கிடாரம் கொதித்ததும், அலுமாரியில் இருந்த பன்னிரண்டு படிவங்களையும் எடுத்து அதில் போட்டேன். நூல் எடுக்கவில்லை, பணம் எடுக்கவில்லை, அலுமாரியை உடைக்கவில்லை. அது எந்நாளும் திறந்துதான் கிடக்கும். நீளக் கம்பால் கிண்டினேன். சாயம் நன்றாகப் பிடிக்க உப்பும் போட்டேன், அது அந்த ஐயா பழக்கியது. அங்கே படித்ததில் உதவியது அது ஒன்றுதான்.

தொழுகை முடிந்து வந்த மர்சூக், எட்டு மாத ஆய்வு பாழாகிவிட்டது, வேறு பிரதியும் இல்லை என்று தலையில் கைவைத்தார். பிரதி இல்லை என்று கேட்டதும் அடுப்பை அணைத்தேன். அதன் பின்னர் அவர் முறைப்பாடு செய்தார். நானும் மறுக்காமல் முச்சக்கரவண்டியில் வந்தேன்.

இங்கே வாக்குமூலத்துக்குக் காத்திருந்தபோது மர்சூக் பக்கத்தில் வந்து, யாரோ ஒருத்திக்காகத்தான் செய்திருக்கிறீர்கள், பெயரைச் சொன்னால் முறைப்பாட்டைத் திரும்ப எடுக்கிறேன் என்றார். முப்பத்தோராம் கேள்வியா என்று கேட்டுப் பல்லைக் காட்டினார். பக்கத்து வாங்குப் பலகையில் எங்கள் ஊர் ஆண்கள் நாலு பேர் வேறு அலுவலாக இருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படி, "ஓம் தம்பி. ஊசி போடுறது நான்தான்" என்றேன்.

"ஒங்களுக்கு மாப்பிள்ள இல்லியே ராத்தா" என்றார்.

"இல்லாதவளுக்குத்தான் அது கூடுதலாத் தேவ" என்றேன்.

 நாலு பேரில் இரண்டு பேர் உடனே எழும்பிப் போனார்கள். ஊருக்கு ஒரு பெயர்தானே தேவை, கிடைத்துவிட்டது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மேசையில் என் கைபேசி மூன்று தரம் அடித்தது. என் மகளைத் தம் மகனுக்குக் கேட்டு வந்திருந்த அம்மாவின் இலக்கம் அது. வெளியே சொன்னது பொய் என்று அவருக்கு மட்டுமாவது சொல்லலாமே என்று சார்ஜன்ட் கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் கேட்டால் மருதமுனை கேட்டது போல. மகளுக்கு நான்தான் சொல்லவேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மேலே உள்ளதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். இந்த அறைக்குள் சொன்ன அவ்வளவும் உண்மை. அதில் கூட்டவும் குறைக்கவும் ஒன்றுமில்லை. பெருவிரலுக்கு மைப்பெட்டியை நீட்டினார்கள். எனக்கு எழுதத் தெரியும்.

(ஒப்பம்) ஆ. றுகையா