உப்பில்லாத ஈரல்

ஏழாயிரம்பண்ணையிலிருந்து சாயங்காலம் திரும்பும் பஸ். எனக்கு முன்சீட்டில் பட்டாசுக் கம்பெனியில் வேலை முடிந்த இரண்டு பெண்கள். கை கழுவியும் அவர்கள் விரல்களில் வெள்ளிப் பொடி மினுங்கியது. மூத்தவள் திடீரென்று சொன்னாள்: "போற வழியில ஈரல் வாங்கி, உப்பே போடாம அவிக்கணும்."

"ஏன் மதினி, உடம்புக்கு முடியலையா?"

"எனக்கில்லடீ, நாய்க்குட்டிக்கு. உக்காரப் பழக்குறேன். சொன்னதும் உக்காந்தா ஒரு துண்டு, புளியங்கொட்டை அளவுக்கு. உப்பு ஆகாதுன்னு மாட்டு டாக்டரு சொல்லிட்டாரு."

"பிஸ்கட்டு போட்டாப் பத்தாதாக்கும்?"

"அம்புட்டு இனிப்பும் ஆகாதாம். அதோட என் கையில வெடிமருந்து வாடை. எந்த சோப்புக்கும் போக மாட்டேங்குது. பிஸ்கட்டைக் குடுத்தா மோந்துட்டு ஓடிருது. ஈரல்னாத்தான் கிட்ட வருது."

இளையவள் சிரித்தாள். "காவலுக்கு வளக்குற நாய உக்கார வச்சு என்ன செய்யப் போறீக? குரைக்கப் பழக்குங்க."

"குரைக்க அதுக்கே தெரியும்." மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மகன் திருப்பூருக்குப் போனதுல இருந்து, எங்க வீட்டுக்குள்ள ஒருத்தரப் பாத்து உக்காருன்னு சொல்லி எம்புட்டு நாளாச்சு."