டனீடின் மேட்டுல ஒரு மரவீடு

பார்த்து வாங்க சார், அந்தப் படி ஆடும். ஆமா, போன தடவை உங்க கவுன்சில்லேருந்து வந்தவரு ஹாலோட திரும்பிட்டாரு. பாதுகாக்கற மாதிரி பழசுன்னு ஒண்ணும் மிச்சமில்ல, தாராளமா இடிக்கலாம்னு எழுதிட்டாரு. அவரைச் சொல்லிக் குத்தமில்ல. எங்கப்பா அறுபதுகள்ல வீட்டை மாடர்னாக்குறேன்னு கதவு, சுவரு, சீலிங்குன்னு ஒண்ணு விடாம ஹார்ட்போர்டு அட்டை அடிச்சு மூடிட்டாரு. அப்ப இந்த ஊரே அந்தக் கூத்துதான் அடிச்சுது.

அந்த அட்டையைப் பிரிச்சது நானா? ஐயோ, எனக்கு ஏது உரிமை? அப்பா வீட்டை என் தம்பி கிரஹாம் பேர்ல எழுதிட்டு, அம்மா இருக்குற வரைக்கும் இருந்துக்கட்டும்னுட்டாரு. நான் அம்மாவைப் பார்த்துக்க வந்தவ, அவ்வளவுதான். அவன்தான் ஆக்லாந்துலேருந்து கடப்பாரையோட வந்தான். இடிக்கிறதுக்கு முன்னாடி உள்ள இருக்குற ரீமு மரத்தையும், இப்ப நல்ல விலை போகுதுல்ல, கழட்டி வித்துடலாம்னு பேராசை. பிரிச்சான் பாருங்க! நூறு வருஷத்துக்கு முந்தின எட்வர்ட் ராஜா காலத்துக் கதவு, கலர்க் கண்ணாடி, பூப்பூவா சீலிங்கு, எல்லாம் நேத்து செஞ்ச மாதிரி! ஹார்ட்போர்டு அத்தனையும் காப்பாத்தி வச்சிருந்திருக்கு. மடையன், பீர் குடிக்கப் போனான். நான் போட்டோ எடுத்து உங்க ஆபீசுக்கு அனுப்பிட்டேன்.

பாசமா? இந்த வீட்டு மேலயா? நல்ல கதை. விட்டா நானே கொளுத்தியிருப்பேன் சார். ஜன்னலைச் சாத்தினாலும் காத்து உள்ள வரும். ஜூலைக் குளிர்ல வீட்டுக்குள்ளயே வாயில புகை வரும். அம்மா இந்தக் கடைசி ரூம்லதான் கம்பளித் தொப்பியோட படுத்துக் கிடந்தா. சுவர்ல மாட்டுற ஹீட்டர் ஒண்ணு போட்டுக் குடுடான்னு கிரஹாமுக்கு போன் மேல போன் போட்டேன். இடிக்கப் போற வீட்டுக்கு எவனாவது செலவு பண்ணுவானான்னு கேட்டான். சுடுதண்ணிப் பையை மாத்தி மாத்தி வச்சுப் பார்த்தேன். போன ஆகஸ்ட்ல நெஞ்சுல சளி கட்டி, இந்தக் கட்டில்லயே போயிட்டா.

உங்க பாரம்பரியப் பட்டியல்ல எழுதிக்கோங்க சார், கதவு, கண்ணாடி, இந்த ரூம், எதையும் விடாதீங்க. இனிமே ஆணி அடிக்கணும்னாலும் உங்க அனுமதி வேணும்ல? அது போதும். இங்க ஃபிளாட் கட்டப்போறேன்னு ஆக்லாந்து வீட்டை வேற வித்துத் தொலைச்சுட்டான். போக்கிடம் இல்ல, குளிர் ஆரம்பிக்கிற ஜூன் மாசம் இங்கதான் குடி வரான்.

குளிருதுன்னு உங்ககிட்ட வந்து நிப்பான் சார். ஹீட்டர் மாட்ட மட்டும் சுவத்துல ஓட்டை போட விட்றாதீங்க.