பங்குக்கு ஒன்பது டாலர் நாற்பது சென்ட்

மாதாமாதம் கட்டுகிற பராமரிப்புக் கட்டணம் முழுவதையும் வருமான வரியில் கழித்துக்கொள்ள முடியாது. இது ஒன்றும் கடினமான விஷயமில்லை. நீங்கள் வாடகை வீட்டில் இருப்பவர் போலத் தெரிகிறது, அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

ஃபாரஸ்ட் ஹில்ஸில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடம் ஒரு கூட்டுறவுக் கம்பெனிக்குச் சொந்தம். எங்களிடம் இருப்பது வீடு அல்ல, அந்தக் கம்பெனியின் பங்குகள். கட்டடம் செலுத்தும் சொத்து வரியிலும் கட்டடக் கடனின் வட்டியிலும் எங்கள் பங்குகளுக்கு உரியதை மட்டும் கழித்துக்கொள்ளலாம். வாயிற்காவலரின் சம்பளம், கொதிகலனுக்கு எண்ணெய், மின்தூக்கி பழுதுபார்ப்பு இவையெல்லாம் கழியாது. ஒரு பங்குக்கு எவ்வளவு கழியும் என்று ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஒரு கடிதம் கதவுக்கு அடியில் வரும். உங்கள் பங்குகளால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இருபத்திரண்டு வருடம் அந்தக் கடிதத்தை எழுதியவர் என் கணவர் மில்டன். கட்டடத்தில் எண்பது வீடுகள். படித்துப் பார்த்தவர்கள் பத்துப் பேர் இருக்கலாம். மற்றவர்கள் "ஏறக்குறைய பாதி கழியும்" என்று மின்தூக்கியில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். இத்தனைக்கும் பல் மருத்துவர்கள், வக்கீல்கள்.

ஆறாம் மாடி சீமோர் ஆட்லர் பாதியோடு நிற்கவில்லை. வருடாந்திரக் கூட்டத்தில், கீழ்க்கூடத்து மடக்கு நாற்காலிகளில் எல்லோரும் இருக்கும்போது எழுந்து நின்றார்.

"என்னப்பா மில்டன், நான் கட்டறது மொத்தத்தையும் கழிச்சுடறேன். இதுவரைக்கும் வரிக்காரன் என் கதவத் தட்டல. நீதான் வருஷா வருஷம் காகிதத்தச் சொருகிட்டுப் போற. என் பூனை அது மேலதான் ஒண்ணுக்கு இருக்கு."

கூடம் சிரித்தது. மில்டனும் சிரித்தார். மேலே வந்து பழைய கடிதங்களின் நகல்களை எடுத்துவைத்துக்கொண்டு, எந்த வாக்கியம் தெளிவாக இல்லை என்று தேடினார். அடுத்த கடிதத்தை ஒன்பது முறை திருத்தி எழுதினார். பத்தாவது முறை எழுதும்போது மேசையிலேயே தலை சாய்ந்துவிட்டார். மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை.

அதன்பின் கடிதம் என் பொறுப்பாயிற்று.

இந்தப் பிப்ரவரியில் காலை பத்தே காலுக்கு ஆறாம் மாடிக்குப் போனேன். வாயிற்காவலர் உங்கள் போலீஸ் விசாரணையில் நேரத்தைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கடிதத்தைச் சொருகும்போது உள்ளே முனகல் கேட்டது. எங்கள் தளங்களில் ஒருவர் சாவி இன்னொருவரிடம் இருக்கும். சீமோரின் சாவி மில்டன் காலத்திலிருந்தே எங்களிடம்தான். திறந்து போனேன். சமையலறைத் தரையில் கிடந்தார், நிறம் சாம்பலாகியிருந்தது.

"தெல்மா... நெஞ்சு... ஆம்புலன்ஸக் கூப்பிடும்மா."

"கூப்பிடறேன் சீமோர். முதல்ல இதக் கேளுங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நிதானமாகத்தான் படித்தேன்.

"தெரியும்மா... எல்லாம் தெரியும்..."

"தெரியும்னா சொல்லுங்க. உங்களுக்கு எரநூத்தம்பது பங்கு. பங்குக்கு ஒம்போது டாலர் நாப்பது சென்ட். மொத்தம்?"

தரையில் விரலால் பெருக்கிப் பார்த்தார்.

"ரெண்டாயிரத்து... முந்நூத்தம்பது."

விடை சரி. ஆனால் விடை தற்செயலாகவும் சரியாக வரலாம். நான் பள்ளியில் முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். காரணம் சொல்லத் தெரிந்தால்தான் புரிந்தது என்று அர்த்தம்.

"அப்ப மீதி ஏன் கழியாது?"

"நான் சும்மா... மில்டன சீண்டறதுக்கு..."

"அது பதில் இல்ல சீமோர்."

மறுபடி முதலிலிருந்து விளக்கினேன். கொதிகலன் எண்ணெய்க்கு வந்தபோது அவர் கவனிக்கவில்லை என்று தெரிந்தது. முடித்துவிட்டுத்தான் எழுந்தேன், பாதியில் விடுவது என் வழக்கமில்லை. கடிதத்தைக் குளிர்பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்தேன். போன் செய்தபோது பதினொன்று. அரை மணி முன்னால் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம்.

ஏப்ரலில் அவர் மகள் ரோண்டா ஒரு செருப்புப் பெட்டியோடு வந்தாள். "அப்பாவோட கடைசி வரிக் கணக்கு, ஆன்ட்டி. உங்கள விட்டா இதெல்லாம் யாருக்குத் தெரியும்?" என்று அழுதாள். தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

பெட்டியில் மில்டனின் கடிதங்கள் இருபத்திரண்டும் வருட வரிசையில் இருந்தன. ஒன்றிலும் பூனையின் கறை இல்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் அந்த வருடத்து வரிக் கணக்கின் நகல். கழித்திருந்தது கடிதத்தில் சொன்ன தொகையை மட்டுமே, சென்ட் பிசகாமல்.

ஒரே ஒரு வருடத்தைத் தவிர. அதில் நாலு டாலர் கூடுதலாகக் கழித்திருக்கிறார். சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன், நீங்களே பாருங்கள். அந்த மனிதருக்கு அது கடைசிவரை புரியவில்லை.