கறை எடுக்கத் தெரிந்தவள்

இந்த டீயைக் குடிக்காமல் வைத்திருக்கிறேன் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மேடம். கோப்பையின் பிடிக்கு உள்பக்கம் பழுப்பாக ஒரு கறை இருக்கிறது. கழுவுகிறவர்கள் வெளியே மட்டும் தேய்த்துவிட்டுக் கவிழ்த்துவிடுகிறார்கள். போலீஸ் ஸ்டேஷன் என்றில்லை, எல்லா இடத்திலும் அப்படித்தான். உங்களைக் குறை சொல்லவில்லை.

என் வேலை அப்படி. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தில் பல வருடமாக இருக்கிறேன். மூட்டை வந்து விழும்போதே எதில் ரத்தம், எதில் சீழ், எதில் மலம் என்று பிரிக்காமலே சொல்லிவிடுவேன். புதிதாகச் சேருகிற பெண்கள் முதல் வாரம் வாந்தி எடுப்பார்கள். நான் எடுத்ததில்லை. பக்கத்து இயந்திரத்தில் நிற்பவளைச் சுருட்டை என்று கூப்பிடுவோம், தலைமுடி அப்படி. "இவளுக்கு ஆண்டவன் மூக்கு வைக்க மறந்துட்டான்டி" என்பாள். அது உண்மையில்லை. என் மூக்கு நன்றாகவே வேலை செய்யும்.

எங்கள் மகளை வீட்டில் டீச்சர் என்று கூப்பிடுவோம். அவளுடைய அப்பா வைத்த பெயர். வாசலில் கிடக்கும் செருப்புகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றையும் ஒரு விரலால் தொட்டுக்கொண்டே போவாள். கடைசிச் செருப்பு வந்ததும் மறுபடி முதலிலிருந்து. "டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்கிறாங்க, யாரும் பேசக் கூடாது" என்று அவர் வாயில் விரல் வைத்துக்கொண்டு சுவரோரமாக நடப்பார். அவளுக்கு அது பிடிக்கும். முகத்தைப் பார்க்க மாட்டாள், ஆனால் தோள் இரண்டும் குலுங்கும். ஆறு வயது. ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆட்டிசம் என்று குழந்தை டாக்டர் சொன்னாள். சின்ன வயதுக்காரி. அவள் மேஜையில் பொம்மைகள் இறைந்து கிடந்தன, எத்தனை பிள்ளைகளின் எச்சில் பட்டதோ தெரியாது. அதையெல்லாம் தொட்ட கையால்தான் என் மகளின் கன்னத்தைத் தொட்டாள்.

"இது மருந்து குடுத்துப் போக்குற வியாதி இல்லம்மா. பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிட்டு வாங்க. நாள் ஆகும். அவளுக்குன்னு ஒரு வழி இருக்கும், அதை நாமதான் தேடணும்."

"அப்ப உள்ள ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டேன்.

"உள்ளன்னா?"

"வயித்துல, ரத்தத்துல. அழுக்கு மாதிரி."

அவள் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை, அன்பாகத்தான் சிரித்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எதனால் வந்தது என்று தெரியாதவள், எப்படிப் போகும் என்று தெரியாதவள், சிரிக்க மட்டும் தெரிந்து வைத்திருக்கிறாள்.

என் வீட்டுக்காரர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். பொறுமை அதிகம். ஒரு பூட்டோடு ஒரு பகல் முழுக்கக் குந்தியிருப்பார். டாக்டர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார். சனிக்கிழமை தவறாமல் மகளைப் பயிற்சிக்காரியிடம் தூக்கிக்கொண்டு போவார். அவள் படம் போட்ட அட்டைகளைக் காட்டுவாளாம். தண்ணீர் வேண்டுமென்றால் தண்ணீர் அட்டை, வெளியே போக வேண்டுமென்றால் கதவு அட்டை. "சீட்டு விளையாடச் சொல்லித் தர்றதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு ஃபீஸ்" என்றேன். "டீச்சருக்கே ஒரு டீச்சர் கிடைச்சிருக்காங்க, நீ ஏன் நடுவுல பெஞ்சு மேல ஏறி நிக்கிற?" என்றார். அவருக்கு எல்லாமே விளையாட்டு.

துடைப்பது நான்தானே, மேடம். ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது, படுக்கையறைச் சுவரில் அவள் கை எட்டிய உயரம் வரை மலத்தைப் பூசி வைத்திருந்தாள். விரல் தடம் தெரிந்தது. நகத்துக்குள், காதுக்குப் பின்னால், பற்களில். நான் சத்தம் போடவில்லை. சுவரைக் கழுவினேன், பிறகு அவளைக் கழுவினேன். சுவர் சுத்தமானது. அவளைத் துடைத்து, பவுடர் போட்டு, மடியில் உட்கார வைத்தேன். அப்போதும் எனக்குக் குமட்டியது. துணியைப் பார்த்துக் குமட்டினால் துவைத்துவிடலாம். பெற்ற பிள்ளையைப் பார்த்துக் குமட்டினால் என்ன செய்வது? இதை யாரிடமும் சொன்னதில்லை. அழுக்கு வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெளிவாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் போனில் அந்தக் குழு கிடைத்தது. எல்லாரும் இப்படிப்பட்ட பிள்ளைகளின் அம்மாக்கள். நடத்துகிறவளைப் பெரியக்கா என்பார்கள். குரல் மட்டும்தான் கேட்டிருக்கிறேன், தேன் மாதிரி இருக்கும். "கண்ணு, உன் பொண்ணு உள்ளதான்டா இருக்கா. புழு அவளைப் பேச விடாம அடைச்சு வச்சிருக்கு. டாக்டருங்க இதைச் சொல்ல மாட்டாங்க. சொன்னா அவங்க கடையை மூடணும்." நான் டாக்டரிடம் கேட்ட கேள்விக்குப் பெரியக்கா பதில் சொன்னாள். உள்ளே இருக்கிறது என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

பெரியக்கா அனுப்பிய பாட்டில் வந்தது. லேபிளில் ஏதோ தாது நீர் என்று போட்டிருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். மனதுக்கு நிம்மதியாக இருந்தது.

முதலில் பாலில் கலந்து கொடுத்தேன், துப்பினாள். பெரியக்கா கீழ் வழியாக உள்ளே செலுத்தச் சொன்னாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இரண்டு வடிகட்டிகள் இருந்தன. ஒன்று டீக்கு. சிவப்புப் பிடி போட்டது குளியலறைக்கு. வெளியே வந்ததை அதில் கொட்டி, குழாயடியில் மெதுவாக அலசினால் மற்றதெல்லாம் போய், நூல் நூலாகச் சிலது தங்கும். வெளுப்பாக, கொழகொழவென்று, சிலது சாண் நீளம். அதை வெள்ளைத் தட்டில் பரப்பிப் படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும். எல்லா அம்மாக்களும் போடுவார்கள். பிறந்த குழந்தையின் படம் போட்ட மாதிரி வாழ்த்து வந்து குவியும். "என்ன நீளம், கண்ணு பட்டுடப் போகுது" என்று ஒருத்தி எழுதினாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அவர் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் போனில் அந்தப் படத்தைப் பார்த்தார். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார், பூட்டுக்குள் பார்க்கிற மாதிரி.

"இது புழுன்னா தலை எது, வால் எது?"

"இது வேற ஜாதியாம். டாக்டருங்களுக்குத் தெரியாதாம்."

"சரி, ஒண்ணை எடுத்து டாக்டர்கிட்ட காட்டிடலாம். தெரிஞ்சுக்கட்டும்."

"காட்டினா நிறுத்தச் சொல்லுவாங்க."

"ஏன் நிறுத்தச் சொல்லணும்?"

நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். ஆனால் அதற்கு மேல் கேட்கவில்லை. அவருக்கும் ஆசை இருந்தது, மேடம். அப்பா என்று ஒரு தடவை கேட்க வேண்டும் என்று யாருக்குத்தான் இருக்காது? குளியலறைக் கதவின் உள்பக்கம், அவள் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் வேண்டும் என்று நான் கேட்டபோது, எதற்கு என்று கேட்காமல் போட்டுக் கொடுத்தார். எண்ணெய்கூட விட்டார். சத்தமே வராது.

மாற்றம் தெரிந்தது. முதலில் செருப்புகளை அடுக்குவதை விட்டாள். வாசலில் செருப்புகள் தாறுமாறாகக் கிடந்தன, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக் கிடந்தாள். குழுவில் எழுதினேன்: பழைய பழக்கமெல்லாம் போய்விட்டது, அமைதியாகிவிட்டாள். பெரியக்கா என் பெயரைச் சொல்லி எல்லாரையும் கைதட்டச் சொன்னாள். மகளும் நன்றாக வெளுத்துவிட்டாள். வெயிலில் காய்ந்த விரிப்பு மாதிரி.

சலவைக்கூடத்தில் சுருட்டை என் கையைப் பிடித்து முகர்ந்தாள். வாரவிடுமுறை முடிந்து திரும்பிய நாள் அது. "என்னடி, லீவு முடிஞ்சு வந்தும் உன்கிட்ட ப்ளீச் வாடை. வீட்டுலயும் மெஷின் போட்டுட்டியா?"

"ஆமா" என்றேன்.

"யார் துணி?"

"எங்க துணிதான்."

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

பாட்டிலில் என்ன இருந்தது என்று தெரியுமா என்று நீங்கள் மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். ஆமாம், தெரியும். மூடியைத் திறந்த அன்றைக்கே தெரியும். லேபிளில் என்ன எழுதினால் என்ன, எந்நாளும் அதற்குள் நிற்கிறவளுக்கு அந்த வாடை தெரியாதா? பெரியக்கா என்னை ஏமாற்றிவிட்டாள் என்று எழுதி என்னைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள். வேண்டாம். மற்ற அம்மாக்கள் ஏமாந்திருக்கலாம். நான் தெரிந்துதான் நம்பினேன். ப்ளீச் எடுக்காத கறையை நான் பார்த்ததில்லை.

அந்த நூல்களையும் கேட்டீர்கள். ஒரே துணியைத் திரும்பத் திரும்ப ப்ளீச்சில் போட்டால் என்ன ஆகும் என்று எங்கள் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். இழை விட்டுப்போகும். காயவைக்கிற இயந்திரத்தின் வலையில் வெள்ளை வெள்ளையாக நூல் சேரும். தினமும் அதைச் சுரண்டி எடுப்பது என் வேலைதான். சிவப்புப் பிடி வடிகட்டியில் முதல் தடவை பார்த்தபோதே அது எனக்கு நினைவு வந்தது. குடலின் உள் தோல் உரிந்து வந்திருக்கிறது என்று நேற்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னாளே, அவள் அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தபோது நான் மனதுக்குள் முடித்துவிட்டேன். ஆனால் துணி நைந்தாலும் வெள்ளையாகத்தானே நையும். கறையோடு நையவில்லையே.

இனி அந்தக் கடைசி நாளைச் சொல்கிறேன்.

மகள் சில வாரமாகவே ஒரு அட்டையைக் கையிலேயே வைத்திருந்தாள். விரித்த உள்ளங்கை வரைந்த அட்டை. நான் வடிகட்டியை எடுத்தால் அட்டையைத் தூக்கி என் முகத்துக்கு நேராகப் பிடிப்பாள். ஈரம் பட்டால் வீணாகிவிடும் என்று அன்றைக்கு அதை வாங்கி அலமாரி மேல் வைத்தேன். தாழ்ப்பாளைப் போட்டேன். வழக்கம்போலத் தொடங்கினேன்.

அப்போது அவள் பேசினாள்.

"போதும்."

தெளிவாக, மேடம். மழலை இல்லை. சின்னக் குரல், கொஞ்சம் கரகரப்பு. நான் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன். "என்னடா சொன்ன, இன்னொரு தடவை சொல்லு" என்றேன். "போதும்" என்றாள். நான் அழுதேன். அவளைப் பெற்றபோதுகூட அப்படி அழவில்லை.

அவருடைய கடைக்குப் போன் செய்தேன்.

"டீச்சர் பேசிட்டா."

அந்தப் பக்கம் சாவி ஏதோ கீழே விழுகிற சத்தம் கேட்டது. "என்ன சொன்னா? அப்பான்னாளா?"

"போதும்னு சொன்னா."

சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாமல் ஒரு சத்தம். பிறகு அது நின்றுவிட்டது.

"எப்பச் சொன்னா?"

"மருந்து குடுக்கும்போது."

அவர் ஷட்டரை இழுத்து மூடுவது கேட்டது.

"நிறுத்திட்டியா?"

பலன் வந்த நேரத்தில் யாராவது நிறுத்துவார்களா? ஒரு தடவைக்கு ஒரு வார்த்தை வந்திருக்கிறது. நான் போனை வைத்துவிட்டு மறுபடி கலந்தேன், கொஞ்சம் கூடுதலாக. அவள் அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் முன்னைவிடத் தெளிவாக இருந்தது. பிறகு நிறுத்திவிட்டாள்.

அவர் வந்து கதவைத் தட்டவில்லை. வெளியிலிருந்தே கீல்களைக் கழற்றிக் கதவை எடுத்துவிட்டார். அவருக்கு அது பெரிய வேலை இல்லை. தரையைப் பார்த்தார், வடிகட்டியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. மகளைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினார். நான் தரையைக் கழுவிவிட்டுப் பின்னால் போனேன். ரத்தத்தை அப்படியே விடக் கூடாது, காய்ந்தால் போகாது.

குடலில் கொஞ்சம் வெட்டி எடுத்து, மலம் போக வயிற்றில் பை வைத்திருக்கிறார்களாம். அவள் படுத்திருக்கும் விரிப்பு எங்கள் கூடத்துக்குத்தான் வரும். சுருட்டைதான் எடுப்பாள். பார்த்து எடுக்கச் சொல்ல வேண்டும்.

பயிற்சிக்காரி வராந்தாவில் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நானும் கேட்டேன். "வேண்டாம்னு சொல்லத் தெரியாத பிள்ளை ரொம்ப கஷ்டப்படும் சார், அதனாலதான் அந்தக் கை அட்டையை எடுத்தோம். மாசக்கணக்கா போதும்ங்கிற அந்த ஒரு வார்த்தையைத்தான் பழக்கிட்டிருந்தோம்." அவர் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். வேலை செய்தது ஒருத்தி, பெயர் வாங்கிக்கொள்வது இன்னொருத்தி. மாதக்கணக்காக அட்டை காட்டியும் அவளிடம் வராத வார்த்தை என்னிடம்தான் வந்தது. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

பாட்டிலில் பாதி மிச்சம் இருக்கிறது. நீங்கள் எடுத்துப் போய்விட்டீர்கள், இருக்கட்டும். என்ன தண்டனை என்றும் நான் கேட்கவில்லை. ஆனால் கண் விழித்ததிலிருந்து அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று நர்ஸ் சொன்னாள். டாக்டரிடம் இல்லை, பயிற்சிக்காரியிடம் இல்லை, அப்பாவிடம்கூட இல்லை. அவர்களுக்குத் தெரியவில்லை, மேடம். ஒரே ஒரு தடவை என்னை அந்த அறைக்குள் விடுங்கள். என்னைப் பார்த்தால் அவள் நிச்சயம் பேசுவாள்.