முகம் பார்த்துச் சொல்ல வந்தவர்

தன் தானியக் கிடங்கை ஒரு பகல் முழுக்கப் பூட்டிவிட்டு, இந்த விருந்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஆதரவாளர் சங்கத் தலைவர் கார்வின் லெம்கே அவர்களே! மேடைக்கு மெருகூட்டும் கல்லூரித் தலைவர் முனைவர் இங்க்ரிட் ஸ்டோல் அவர்களே! ஐம்பது ஆண்டுகளாகத் தோல்வியிலும் குளிரிலும் துவளாமல் நம் திடலின் இருக்கைப் பலகைகளை உட்கார்ந்தே தேய்த்துப் பளபளப்பாக்கிய பெரியவர்களே! பிள்ளைகளைப் பார்க்கப் பாதி நாட்டைக் காரில் கடந்து வந்திருக்கும் தாய்மார்களே! தலைக்கவசம் போட்டுக் கால்பந்து ஆடும் நம் வென்ட்லோ நாரைகள் அணியின் வீரர்களே! முன்வரிசையில் அமர்ந்து, "இந்த வெர்னா என்ன உளறப் போகிறாளோ" என்று நெளிந்துகொண்டிருக்கும் எங்கள் கோச் எம்மெட் ப்ரூயிட் அவர்களே! உங்கள் அனைவருக்கும் இருபத்தொன்பது ஆண்டுகளாக அழுக்குச் சட்டை துவைக்கும் வெர்னா ஸ்காலாவின் பணிவான வணக்கம்.

கைதட்டுகிறவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டுங்கள். சில்லிக் குழம்புக் கறையை எடுக்கப் போவதும் நான்தான்.

அன்பார்ந்தவர்களே! நான் பேச்சாளர் அல்லேன். தலைக்கவசங்களைத் துடைப்பவள். தோள்கவசங்களைத் தைப்பவள். ஆனால் துவைக்கிறவளுக்குத் தெரியாத துயரம் ஓர் அணியில் உண்டா? எவன் விழுந்தான், எவன் அழுதான், எவன் பயந்தான் என்று சட்டை எனக்குச் சொல்லும். அந்தத் தகுதியில்தான் இந்த ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்கிறேன். சென்ற மாதம் நான்கு நாட்கள் இந்த ஊர் எப்படித் தவித்தது, எப்படித் தத்தளித்தது, பிறகு எப்படித் தலைநிமிர்ந்தது என்பதை உள்ளிருந்து பார்த்தவள் நான்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ப்ரூயிட் இங்கே வந்தபோது நாம் என்ன நிலையில் இருந்தோம்? பதினோரு ஆட்டத்தில் ஒன்பது தோல்வி! எதிரணியின் பாண்டு வாத்தியக்காரர்கள் நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஊதினார்கள். இந்த ஆண்டு? பன்னிரண்டு ஆட்டத்தில் பதினோரு வெற்றி. முதன்முறையாகத் தேசியக் காலிறுதி; அதுவும் வருகிற சனிக்கிழமையே, நம் ஊரில், நம் திடலில், நம் பனியில்! அந்த மகிழ்ச்சி எத்தனை நாள் நீடித்தது? ஒரே ஞாயிறு.

திங்கட்கிழமை நண்பகல், தெற்கே ஒரு பெரிய பல்கலைக்கழகம் தன் கோச்சை நீக்கிவிட்டது. எண்பதாயிரம் பேர் அமரும் மைதானம் கொண்ட இடம். அவர்களுக்கு யார் வேண்டும்? நம் எம்மெட் ப்ரூயிட் வேண்டும்!

ஊர் என்ன ஆனது தெரியுமா? உங்களுக்குத் தெரியும், அந்த ஊரே நீங்கள்தானே! செவ்வாய்க்கிழமை காலை நம் சின்ன விமானத் திடலில் ஒரு வெள்ளை விமானம் இறங்கியது. கோச்சை அழைத்துப்போக வந்த விமானம் என்று நினைத்து, முடிதிருத்துகிற லைல் ஓபர்க் கடையைத் திறந்து போட்டுவிட்டு அங்கே போய் நின்றார். வேலியோரம் பதினேழு லாரிகள். விசாரித்தால் என்ன? வந்திருந்தவர் கால்நடை மருந்து விற்கிறவர்! பாவம், மனிதர் அரண்டுபோய், "என்னங்க, இங்க ஏதாச்சும் கலவரமா?" என்று கேட்டாராம்.

சிரிக்கிறீர்கள். அன்று யாராவது சிரித்தோமா?

கோச்சின் மனைவி டெலியா நம் மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பவர். மருந்துக்கடை வரிசையில் நின்ற அவரை ஆறு பேர் சூழ்ந்துகொண்டார்கள். "போறீங்களா? வீட்டை வித்துட்டீங்களா?" டெலியா என்ன சொன்னார்? "எங்க வீட்டுக்காரர் எங்க போறார்னு தெரிஞ்சா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. நான் ஜனவரிக்கு மூணு பிரசவம் ஒத்துக்கிட்டிருக்கேன்!"

புதன்கிழமை விடிந்தது. நான் துவைப்பு இயந்திரத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன். கதவருகே கோச் நின்றார். கோட்டு, கழுத்துப்பட்டை, கையில் சின்னப் பெட்டி. ஆறு ஆண்டில் அவரைக் கழுத்துப்பட்டையோடு நான் பார்த்தது இரண்டு சாவுகளில் மட்டும்தான்.

"கெளம்பிட்டீங்களா?" என்றேன்.

"பாத்துட்டு வரேன் வெர்னா. பாக்கத்தான் போறேன்."

"பாக்கப் போறவருக்கு எதுக்குக் கழுத்துப்பட்டை?"

அவர் சிரிக்கவில்லை. சட்டை மூட்டையின் மேல் உட்கார்ந்தார். "எங்கப்பா முப்பது வருஷம் அந்த மைதானத்துல புல்லு வெட்டினாரு, வெர்னா. ஆட்டத்தன்னிக்கு மட்டும் அவரை உள்ள விட மாட்டாங்க. வேலிக்கு வெளிய நின்னு கூச்சலை வச்சுத்தான் யார் ஜெயிச்சான்னு எங்களுக்குச் சொல்லுவாரு. அந்த வாசல் வழியா இப்ப என்னை உள்ள கூப்பிடறாங்க."

சொல்லுங்கள் சபையோரே! அதைக் கேட்ட பிறகு எந்த வாயால் "போகாதே" என்பேன்? எந்த உரிமையில் தடுப்பேன்? நமக்கு நல்லது செய்தவர் என்பதற்காக அவரை நம் வேலியில் கட்டிப்போட முடியுமா?

ஆனால் ஒன்று சொன்னேன். கோபமாகவே சொன்னேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்து ஒரு கோச் போனார். பெயரை இந்த மேடையில் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் உணவுக்கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு வரி வந்தது: போய்விட்டார். அவ்வளவுதான். அன்று டேன்னர் விக் என்ற பையன், அணியில் பந்து எறிகிறவன், என் அறைக்கு வந்து தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தான். "வெர்னாம்மா, நாங்க என்ன தப்பு பண்ணோம்?" என்று கேட்டான்.  அவன் அதன் பிறகு பந்தைத் தொடவே இல்லை.

இதைச் சொல்லி, "போறதுன்னா போங்க கோச். வாழ்த்தி அனுப்பறேன். ஆனா பசங்க அதை டிவில பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாது. நீங்களே வந்து, நின்னு, அவங்க மூஞ்சியைப் பாத்துச் சொல்லணும்" என்றேன்.

"சொல்றேன்," என்றார். "சத்தியமா." எழுந்து போனார்.

அன்று மாலையே தொலைக்காட்சி அறிவித்துவிட்டது: "ப்ரூயிட் சம்மதம்!" இந்த ஊரில் அடுப்பு எரிந்ததா? உணவகத்தில் பேச்சு இருந்ததா? கார்வின் அண்ணே, நீங்கள் உங்கள் கிடங்கின் விளம்பரப் பலகையில் இருந்த "நன்றி கோச்" என்பதில் 'நன்றி'யை மட்டும் கழற்றினீர்களே, நான் பார்த்தேன்!

என்ன? காற்றில் விழுந்ததா? சரி, காற்று என்றே வைத்துக்கொள்வோம்.

வியாழக்கிழமை. பகல் இரண்டு மணி. உடைமாற்றும் அறையில் தொண்ணூறு பிள்ளைகள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கதவு திறந்தது. அதே கோட்டு. அதே கழுத்துப்பட்டை. கோச் உள்ளே வந்தார்.

வந்தார், தாய்மார்களே! அவர் வர வேண்டிய கட்டாயம் இல்லை. அங்கிருந்தபடியே ஒரு வரி அனுப்பியிருக்கலாம். வந்தார்.

"டிவில சொன்னது பாதி உண்மை," என்றார். "நேத்து சரின்னு சொல்லிட்டேன். கையெழுத்து மட்டும் பாக்கி. உங்க மூஞ்சியைப் பாத்துச் சொல்லணும்னு அவங்க விமானத்தையே கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

 பந்து எறிகிற கேடன் ரூபிக் எழுந்தான். "அப்ப சனிக்கிழமை ஆட்டம்?"

"நாளைக்கே வரணும்னு சொல்றாங்க."

"நான் இந்த ஊருக்கு வந்ததே உங்களை நம்பித்தான் கோச்."

"தெரியும் கேடன்."

"தெரிஞ்சுமா?"

 அப்போது மூலையிலிருந்து நம் மலை, முன்வரிசைத் தடுப்பாளன் ஐசேயா க்ரூம், மெல்ல வாய் திறந்தான். "விடுடா கேடன். எங்கம்மா இந்த எடத்துல இருந்தா, போய்ட்டு வா ராசான்னுதான் சொல்லுவாங்க. கோச், நீங்க நல்லா இருங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இன்னைக்குப் பயிற்சி இருக்கா, இல்லையா? கால்ல கட்டுப் போட எனக்கு அரைமணி நேரம் ஆகும்."

திட்டவில்லை. அழவில்லை. தடுக்கவில்லை. பயிற்சி இருக்கிறதா என்று கேட்டான்!

கோச் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.  "இருக்கு," என்றார். "மூணு மணி. லேட்டா வந்தா ஓட விடுவேன்."

இரண்டு மணிநேரம், கோட்டு நனைய, காலணி சேற்றில் புதைய, அந்த மனிதர் அந்தத் திடலில் கத்தினார். "க்ரூம்! காலை நகத்து! அது கால்தானே, கல்தூணா?" ஆறு ஆண்டாகக் கேட்ட அதே குரல்! பயிற்சி முடிந்ததும் நேராக என் அறைக்கு வந்தார். கைப்பேசியைக் கையில் எடுத்தார். "வெர்னா, அந்த டிரையரைக் கொஞ்சம் நிறுத்து. ஒண்ணும் கேக்கல," என்றார். நிறுத்தினேன். 

"ஐயா, மன்னிக்கணும்," என்றார் பேசியில். "நேத்து குடுத்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கறேன். தப்பு என்னோடது. இங்க எனக்கு ஆட்டம் இருக்கு." மறுமுனையில் ஏதோ சொன்னார்கள். கோச் கேட்டுக்கொண்டே இருந்தார். "ஞாயித்துக்கிழமை வரலாம்னு சொல்றீங்க. பெரிய மனசு உங்களுக்கு. ஆனா வேணாங்க. ஞாயித்துக்கிழமையும் எனக்கு இங்கதான் வேலை."

வைத்துவிட்டார். நான் கேட்டேன்: "ஏன் கோச்? உங்கப்பாவோட மைதானமாச்சே?"

"அப்பா வெட்டின புல்லே அங்க இல்ல வெர்னா. எல்லாம் பிளாஸ்டிக்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதை விடு. ஒன்றரை நாள் சுத்திக் காட்டினாங்க. கண்ணாடிக் கட்டடம், நீச்சல்குளம், சினிமாக் கொட்டகை மாதிரி ஒரு அறை. எல்லாரும் தங்கமானவங்க. ஆனா ஒரு ஆட்டக்காரனைக் கூட எனக்குக் காட்டல. நானும் கேக்கல. கேக்கணும்னே எனக்குத் தோணல. க்ரூம் அந்தக் கட்டைப் பத்திக் கேட்டப்பத்தான் அது உறைச்சது. பயந்துட்டேன்."

அன்பர்களே! அந்தச் செய்தி ஊருக்குள் எப்படி ஓடியது! லைல் ஓபர்க் பாதி முடி வெட்டிய தலையோடு மேயரை நாற்காலியில் விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார். தீயணைப்பு வண்டி தீயே இல்லாமல் சங்கு ஊதியது. டெலியா பிரசவ அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "நல்லது, இப்ப எல்லாரும் அமைதியா இருங்க. இங்க ஒருத்தி புள்ள பெத்துக்கிட்டு இருக்கா," என்றாராம். நானா? நான் டிரையரை மறுபடி போட்டுவிட்டு, அந்தச் சத்தத்தின் மறைவில் அழுதேன். 

சனிக்கிழமை என்ன நடந்தது? தோற்றோம். மூன்று புள்ளியில், முழங்கால் பனியில் தோற்றோம். யாரது, நடுவரின் தவறு என்பது? ஐயா, நடுவரைத் திட்ட இது இடமல்ல. அதற்கு லைலின் கடை இருக்கிறது! தோற்ற பிறகும் ஒன்பதாயிரம் பேரில் ஒருவராவது எழுந்து போனோமா? நின்றோம். பிள்ளைகள் உள்ளே போகும் வரை நின்றோம். ஏன்? வென்றதற்கா? இல்லை. விட்டுப் போகாததற்கா? அதுவும் முழுக் காரணம் இல்லை.

மனம் திறந்து சொல்கிறேன். இவர் என்றைக்கும் இங்கேயே இருப்பார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நாளை ஒரு வாசல் திறக்கலாம், இவர் போகலாம், போவது இவர் உரிமை. ஆனால் முகம் பார்த்துச் சொல்லக் கேட்பது பிள்ளைகளின் உரிமை! தொலைவிலிருந்து போவது எளிது. தொண்ணூறு முகங்களுக்கு முன்னால் நிற்பது கடினம். விலகப் போகிறேன் என்று சொல்லவாவது வந்தாரே, அந்த வருகைதான் எனக்குப் பெருமை! வந்ததால் பார்த்தார், பார்த்ததால் கேட்டார், கேட்டதால் இருந்தார்! வராமல் இருந்திருந்தால் அவர் இழந்ததை அவரே அறிந்திருக்க மாட்டார். பெரிய மைதானம் எது? எண்பதாயிரம் இருக்கை உள்ளதா, ஒரு பையனின் காலில் எத்தனை சுற்றுக் கட்டு என்று தெரிந்ததா?

நீண்டுவிட்டது. இலவங்கப்பட்டை ரொட்டி ஆறுகிறது. கார்வின் அண்ணன் என்னை விட்டு அதையே பார்க்கிறார். முடிக்கிறேன்.

நேற்று அடுத்த ஆண்டுக்கான கோட்டுகளுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். கோச்சின் அறைக்குப் போனேன். "அளவு அதேதானா?" என்றேன். "ரெண்டு விரக்கடை கூட்டிக்கோ. டெலியா இப்பல்லாம் நல்லா சமைக்கறா," என்றார். அப்புறம், கொஞ்சம் பயந்துகொண்டே கேட்டேன்: "போன வருஷம், யார் வந்தாலும் ஆகட்டும்னு வெறும் 'கோச்'னு போட்டோம். இந்த வருஷம் நெஞ்சுல உங்க பேரைத் தைக்கவா?"

தாளிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "தை."

தைத்துவிட்டேன், ஊராரே! தடித்த நூலில் தைத்துவிட்டேன்! தலைவருக்கும் தாய்மார்களுக்கும், பனியில் நின்ற பெரியவர்களுக்கும், அழுக்குச் சட்டையை என்னிடம் நம்பிக் கொடுத்த பிள்ளைகளுக்கும் என் நன்றியும் நல்வணக்கமும். இனி எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.